கடலை மாவின் பதங்கள்

கொண்டைக்கடலையின் சிறிய, பழுப்புத் தோலுடைய நாட்டு வகையைத் தோல் நீக்கி இரண்டாக உடைத்தால் கடலைப்பருப்பு கிடைக்கிறது. அப்பருப்பை வறுக்காமல் பச்சையாகவே அரைத்துச் சலித்தெடுத்த மாவு கடலை மாவு எனப்படுகிறது. உலகின் கொண்டைக்கடலை விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவினுடையது; அதிலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் குளிர்காலச் சாகுபடியே முதன்மையானது. ஆகவே, வடக்கே பேசன் என்று வழங்கும் இம்மாவில் பிழியப்படும் ரத்லாம் சேவும், குஜராத்தின் காண்டியாவும் அந்நிலப்பரப்பில் அன்றாட உணவாகவே வேரூன்றியிருப்பது இயல்பே. தெற்கே இதே மாவு பஜ்ஜியாகவும் ஓமப்பொடியாகவும் காராசேவாகவும் பூந்தி லட்டாகவும் மைசூர்பாகாகவும் வடிவெடுத்திருக்கிறது.

இவற்றைத் தனித்தனிச் செய்முறைகளாக மனப்பாடம் செய்பவர்கள் ஒவ்வொரு பலகாரத்தையும் அடிமுதல் புதிதாகக் கற்க நேர்கிறது. உண்மையில் மாவு ஒன்றே. அதில் எவ்வளவு நீர் சேர்கிறது, கொழுப்பு எந்தக் கட்டத்தில் சேர்கிறது, சேர்ந்த நீர் எந்தச் சூட்டில் எவ்வளவு வெளியேறுகிறது என்பவையே பஜ்ஜியைப் பூந்தியிலிருந்தும் பூந்தியைச் சேவிலிருந்தும் பிரிக்கின்றன. இந்த உறவைப் புரிந்துகொண்டவருக்கு அளவுக் கிண்ணம் துணைக்கருவி மட்டுமே. மாவின் நயமும் அதில் ஏற்கெனவே உள்ள ஈரமும் ஆலைக்கு ஆலை, பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கிண்ணக் கணக்கை மட்டும் நம்பிய கை ஒரு நாள் தவறாமல் ஏமாறும். பதத்தை அறிந்த கை ஏமாறாது. எனவே இவ்வியலில் தரப்படும் அளவுகள் தொடக்கப் புள்ளிகளாகவே கொள்ளத்தக்கவை.

மாவைத் தேர்தலும் காத்தலும்

கடலை மாவையும் பொட்டுக்கடலை மாவையும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படுத்துவதே தொடக்கநிலையில் அதிகம் நேரும் பிழை. பொட்டுக்கடலை, அதாவது உடைத்த கடலை, ஏற்கெனவே சூட்டில் வறுபட்டது. அதன் மாவு அடுப்பில் ஏறாமலேயே உண்ணத்தக்கது என்பதால் மாலாடு போன்ற பலகாரத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் நீரில் கரைத்து எண்ணெயில் இடும்போது பச்சை மாவுக்குள்ள பிடிமானம் அதற்கு இல்லை. பச்சைக் கடலை மாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதமும், பாதிக்கும் மேலாக மாவுச்சத்தும் உள்ளன. சூடு பட்டவுடன் புரதம் உறைந்து, மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கி, இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டை உருவாக்குகின்றன. பஜ்ஜியின் மேலுறையும் பூந்தியின் உருண்டை வடிவும் இந்தக் கூட்டினால் அமைபவையே.

கோதுமையில் இருப்பதும் பிசையப் பிசைய இழுவை தருவதுமான குளூட்டன் என்னும் புரதம் கடலை மாவில் இல்லை. ஆகையால் இம்மாவை எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் அது சவ்வுபோல் இழுபடாது. மாறாக, அதிலுள்ள புரதங்களும் நுரைக்கும் தன்மையுள்ள சபோனின் என்னும் சேர்மங்களும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நன்கு அடித்த கரைசல் இலேசாகிறது. குளூட்டன் ஒவ்வாதவர்கள் கடலை மாவுப் பலகாரங்களைத் தேடி உண்பது இம்மாவில் அது இல்லாததால்தான். எனினும் கடைகளில் விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம் என்பதை அவர்களுக்குச் சமைப்பவர் நினைவிற்கொள்வது அவசியம். மேலட்டையைப் படித்துப் பார்த்து, அரிசி மாவு கலந்த பெருங்காயத்தையோ கலப்பற்ற பால் பெருங்காயத்தையோ வாங்க வேண்டும்.

மாவின் நயம் பலகாரத்தைப் பொறுத்தது. பூந்திக்கும் ஓமப்பொடிக்கும் மைசூர்பாகுக்கும் மிக நைசாக அரைத்துச் சலித்த மாவு தேவை. குருணை இருந்தால் பூந்திக் கரண்டியின் கண்களும் ஓமப்பொடி அச்சின் துளைகளும் அடைபடும். நெய்யில் வறுத்துப் பிடிக்கும் பேசன் லட்டுக்கோ சற்றுக் கொரகொரப்பான மாவுதான் நாக்கில் ஒட்டாமல் உதிரும் தன்மையைத் தரும். நல்ல கடலைப்பருப்பை வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆலையில் கொடுத்து அரைத்துக்கொள்வது எல்லா வகையிலும் மேலானது. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அடுத்தபடியாக அரைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அரைத்துக்கொள்வதில் சிக்கனத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கடலை மாவில் மலிவான பட்டாணி மாவைக் கலப்பது ஒரு வகைக் கலப்படம். அது சுவையைக் கெடுக்கும், உடலைக் கெடுக்காது. கேசரிப் பருப்பு மாவு கலப்பது அப்படியன்று. தொடர்ந்து அதிகமாக உண்டால் கால்களை முடக்கும் நரம்பு நோயைத் தரும் நச்சு அப்பருப்பில் உள்ளது. இதனாலேயே அதன் விற்பனைக்கு 1961இல் இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. மஞ்சள் நிறத்தைக் கூட்ட மெட்டானில் மஞ்சள் என்னும் அனுமதியற்ற சாயம் சேர்க்கப்படுவதும் உண்டு. இயற்கையான கடலை மாவு வெளிறிய மஞ்சள் நிறமுடையது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருக்கும் மாவை ஐயத்தோடுதான் அணுக வேண்டும்.

பருப்பு மாவுகளில் கடலை மாவுக்குக் கொழுப்பு சற்று அதிகம். ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு. ஆகவே நாட்பட்டால் சிக்கு வாடை வீசும், கசப்பேறும், வண்டும் விழும். ஓரிரு மாதத் தேவைக்கு மேல் வாங்காமல், காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் சலித்த பின்பே எடுத்தாள்வது தக்கது.

எண்ணெயில் நிகழ்வது

மாவுக்கரைசல் காய்ந்த எண்ணெயில் விழுந்தவுடன் எழும் சலசலப்பு, அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. வெளிப்பரப்பில் உள்ள நீர் முதலில் நீங்கி அங்கே மொறுமொறுப்பான மேல்தோல் உருவாகிறது. உள்ளே நீர் இருக்கும்வரை அங்குச் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாததால் உட்பகுதி வெந்து மென்மையாக இருக்கிறது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் உள்ளே புக முடியாது. பலகாரம் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் எண்ணெயிலிருந்து எடுத்த பிறகுதான்: சூடு தணியும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேற்பரப்பில் ஒட்டியுள்ள எண்ணெயைத் துளைகள் வழியே உள்ளிழுக்கிறது. எனவே எடுத்த சில நொடிகளுக்குள், சூடு இருக்கும்போதே, ஜல்லிக் கரண்டியை வாணலியின் விளிம்பில் தட்டி வடித்து, கம்பி வலை மீதோ கண்ணுள்ள தட்டிலோ பரப்புவது எண்ணெயைக் கணிசமாகக் குறைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் ஆவி சிக்கி, கீழிருப்பவை நமத்துப் போகும். அச்சிட்ட செய்தித்தாளில் வடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மையிலுள்ள பொருள்கள் சூடான எண்ணெயில் எளிதில் கரையக்கூடியவை.

பெரும்பாலான கடலை மாவுப் பலகாரங்களுக்கு 160 முதல் 180 பாகை செல்சியஸ் வரையிலான சூடு பொருத்தமானது. வெப்பமானி இல்லாத அடுக்களையில் ஒரு சொட்டு மாவே அளவுகோல்: அடியில் தங்கி மெதுவாக மேலெழுந்தால் சூடு போதாது, விழுந்தவுடன் குமிழியிட்டு ஓரிரு நொடியில் மிதந்தால் சரியான சூடு, மிதந்த கணமே சிவந்தால் மிகை. சூடு குறைந்த எண்ணெயில் மேல்தோல் இறுகத் தாமதமாவதால் பலகாரம் எண்ணெயில் ஊறும். சூடு மிகுந்தால் வெளியே கருகி உள்ளே மாவு பச்சை வாசனையுடன் நிற்கும். வாணலி கொள்ளுமட்டும் ஒரே ஈடாக அள்ளிப் போடுவதும் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால், எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடாதபடி இடுவது நல்லது.

மொறுமொறுப்பைக் கூட்ட மூன்று உபாயங்கள் வழக்கிலுள்ளன. அரிசி மாவு சேர்ப்பது முதலாவது; அதில் புரதம் குறைவாகையால் மேல்தோல் இறுகாமல் உடையும் தன்மை பெறும். மாவில் காய்ச்சிய எண்ணெயையோ வெண்ணெயையோ ஊற்றிப் பிசிறிவிடுவது இரண்டாவது. கொழுப்பு மாவுத்துகளைச் சுற்றிப் பூசிக்கொள்வதால் அவை ஒன்றோடொன்று இறுகப் பிணையாமல், கடித்தால் பொலபொலவென உதிரும். இதில் அளவு மீறினால் பிழிந்த இழைகள் எண்ணெயிலேயே கரைந்து போகும். மூன்றாவதான சமையல் சோடாவையே மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும். அது சூட்டில் வாயுவை வெளியிட்டு உள்ளே துளைகளை உண்டாக்குவது உண்மைதான். ஆனால் அத்துளைகள் எண்ணெய்க்கும் வழிவிடுகின்றன. தவிர, சோடா காரத்தன்மையுடையதாகையால் மஞ்சள் தூளுடன் சேரும்போது அங்கங்கே செம்புள்ளிகளை ஏற்படுத்தும். 100 கிராம் மாவுக்கு ஒரு சிட்டிகை போதும். நன்கு அடித்த கரைசலுக்கு அதுவும் தேவையில்லை.

பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவது பற்றியும் இங்கேயே கூற வேண்டும். எண்ணெய் மீண்டும் மீண்டும் சூடேறும்போது சிதைந்து உருவாகும் பொருள்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதனைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் இதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கருத்தல், பிசுபிசுப்பு, அடங்காத நுரை, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைதல் ஆகியவை எண்ணெய் முடிந்துவிட்டதற்கான அடையாளங்கள். கடலை மாவு உதிர்ந்து அடியில் தங்கிக் கருகுவது எண்ணெயை விரைவில் கெடுக்குமாதலால், ஒவ்வோர் ஈட்டுக்குப் பின்னும் உதிரியை அரித்தெடுத்து, வேலை முடிந்து ஆறிய பின் துணியில் வடிகட்டி வைக்க வேண்டும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது; கடலை மாவு நுரைக்கக்கூடியது என்பதால் பொங்கி வழிய வாய்ப்பு அதிகம். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றுவது பேராபத்து; அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் வாணலியை மூடிவிட வேண்டும்.

பஜ்ஜியும் பக்கோடாவும்

பஜ்ஜிக்கு 100 கிராம் கடலை மாவும் 20 கிராம் அரிசி மாவும் என்றால், ஏறத்தாழ 120 முதல் 140 மில்லி நீர் பிடிக்கும். நீரை ஒரேயடியாக ஊற்றினால் மாவு கட்டி தட்டும். முதலில் பாதி நீரில் கெட்டியாகக் குழைத்துக் கட்டிகளை உடைத்த பின் மீதியைச் சேர்ப்பதே முறை. கரைசலில் தோய்த்தெடுத்த வாழைக்காய்த் துண்டின் நிறம் வெளியே தெரியாமலும், கரைசல் கனத்துத் தொங்காமலும் இருப்பது சரியான பதம். நறுக்கிய காயில் ஈரம் இருந்தால் உறை வழுக்கிக் கழன்றுவிடுமாதலால், துணியில் ஒற்றிய பின்பே தோய்க்க வேண்டும். மெரினா கடற்கரையின் மிளகாய் பஜ்ஜிக்கும், மும்பையின் வடாபாவில் வைக்கப்படும் உருளைக்கிழங்கு வடைக்கும், தமிழகத் தேநீர்க் கடைகளின் போண்டாவுக்கும் இந்தக் கரைசலே சிறுசிறு மாறுதல்களுடன் பயன்படுகிறது.

வெங்காயப் பக்கோடாவில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. இங்கே நீர் வெளியிலிருந்து வருவதில்லை. மெல்லியதாக நீளவாக்கில் அரிந்த வெங்காயத்தில் உப்பைப் போட்டுப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்தால், உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும். அந்த ஈரத்தில் பிடிக்கும் அளவுக்கு மட்டுமே மாவைத் தூவிப் பிசிற வேண்டும். தூள் பக்கோடாவின் மொறுமொறுப்புக்கு முழுக் காரணமும் இந்த நீர்க்குறைவே. மாவு பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டு நீர் தெளிப்பவருக்குக் கிடைப்பது, வேறொரு நல்ல பலகாரமான மெது பக்கோடாவே தவிர, தூள் பக்கோடா அன்று.

சேவு வகைகள்

பஜ்ஜிக்குரிய நீரைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தால் கரைசல் பிசைந்த மாவாகிறது. 100 கிராம் கடலை மாவுக்கு 50 மில்லியை ஒட்டிய நீரும், ஒரு மேசைக்கரண்டி காய்ந்த எண்ணெயும் சேர்த்தால் ஓமப்பொடிக்குரிய மிருதுவான மாவு கிடைக்கும். ஓமத்தை அப்படியே போட்டால் அச்சின் நுண்துளைகள் அடைபடும் என்பதால், அதை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய நீரிலேயே மாவைப் பிசைவது வழக்கம். மாவு கெட்டியானால் பிழியக் கை வலிக்கும், இழை அறுபடும். இளகினால் இழைகள் ஒட்டிக்கொண்டு எண்ணெய் குடிக்கும். மெல்லிய இழைகளில் உள்ள நீர் அரை நிமிடத்தில் நீங்கிவிடுமாதலால், சலசலப்பு அடங்கத் தொடங்கியதுமே, நிறம் மாறும் முன், எடுத்துவிட வேண்டும்.

காராசேவு இன்னும் உறுதியான மாவில், கண்கள் பெரிய கரண்டியின் மீது உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, நேரே எண்ணெயில் விழச் செய்யப்படுவது. அச்சில் பிழிந்தால் சீரான குழலாக வரும். கரண்டியில் தேய்த்தால்தான் ஒழுங்கற்ற நீளமும் சொரசொரப்பான மேற்பரப்பும் கிடைக்கும், அந்தச் சொரசொரப்பில்தான் மிளகும் பூண்டும் மிளகாயும் நாவில் பிடிபடும். விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர் இச்சேவுக்குப் பெயர் பெற்ற ஊர். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் சேவில் மிளகோடு கிராம்பின் காரமும் சேர்ந்து தனித்த மணம் தருகிறது. அது புவிசார் குறியீடும் பெற்றது. அதே குறியீடு பெற்ற பிகானேர் புஜியாவில் கடலை மாவோடு மோத் எனப்படும் பாலைநிலப் பயற்றின் மாவு முதன்மையாகச் சேர்வதால், அதன் சுவையைக் கடலை மாவால் மட்டும் கொண்டுவர முயல்வது வீண்முயற்சி. தமிழக வீடுகளின் ரிப்பன் பக்கோடாவில் அரிசி மாவே மிகுதி, கடலை மாவு துணை. எனவே அது முறுக்கு வகைகளோடு வைத்துப் பேசத்தக்கது.

பூந்தியும் லட்டும்

கடலை மாவுப் பலகாரங்களில் பதத்தை மிகக் கறாராகச் சோதிப்பது பூந்தி. ஏனெனில் இங்கே கையோ அச்சோ வடிவம் தருவதில்லை. கரண்டியின் கண்ணிலிருந்து எண்ணெய்வரை விழும் குறுகிய தொலைவுக்குள் துளி தானே உருண்டையாக வேண்டும். 100 கிராம் மாவுக்கு 125 முதல் 150 மில்லி நீர் என்று தொடங்கி, ஒரு சிறு துளியை எண்ணெயில் விட்டுப் பார்க்க வேண்டும். துளி தட்டையாகப் பரவினால் கரைசல் நீர்த்துவிட்டது, ஒரு கரண்டி மாவு சேர்க்கலாம். வால் முளைத்தால் கெட்டியாக உள்ளது, சிறிது நீர் தெளிக்கலாம். முத்தாக உருண்டு மிதந்தால் அதுவே பதம். மாவு நீரை உறிஞ்ச நேரம் எடுக்கும் என்பதால், கரைத்துப் பத்து நிமிடம் கழித்தே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்; உடனே சோதித்துத் திருப்தியடைபவரின் கரைசல் இரண்டாவது ஈட்டிலேயே கெட்டிப்பட்டுவிடும்.

பூந்திக் கரண்டியை எண்ணெய்க்கு நான்கைந்து விரற்கடை உயரத்தில் பிடித்து, கரைசலை ஊற்றி, கரண்டியின் காம்பை மெல்லத் தட்ட வேண்டும். கரைசலைக் கரண்டியில் தேய்த்தால் துளிகள் நீண்டுவிடும். ஒவ்வோர் ஈட்டுக்குப் பின்னும் கரண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவித் துடைக்காவிட்டால், அங்கே ஒட்டிக் காய்ந்த மாவு அடுத்த துளிகளின் வடிவைக் கெடுக்கும். பூந்தி சரியாக வராதவர்களிடம் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த ஒரு செயல்தான்.

காராபூந்திக்கும் லட்டுப் பூந்திக்கும் கரைசல் ஒன்றே. வேறுபாடு எண்ணெயில் இருக்கும் நேரத்தில் உள்ளது. காராபூந்தி ஓசை முற்றும் அடங்கி, உள்ளே ஈரமே இல்லாமல் பொரிய வேண்டும். லட்டுப் பூந்தி ஓசை பாதி அடங்கும்போதே, விரலால் நசுக்கினால் உள்ளே மென்மையாக இருக்கும் நிலையில் எடுக்கப்பட வேண்டும். முற்றிலும் மொறுமொறுப்பான பூந்தி பாகை உறிஞ்சாது, லட்டும் உருண்டையாகப் பிடிபடாது.

பாகு என்பது சர்க்கரையை நீரில் கரைத்து, நீரை வற்றவைத்து அடையும் அடர்கரைசல். நீர் குறையக் குறைய அதன் கொதிநிலை உயர்கிறது; விரல்களுக்கிடையே தொட்டுப் பிரித்தால் ஒரே இழை அறுபடாமல் நிற்கும் ஒற்றைக் கம்பிப் பதம் 105 பாகையை ஒட்டி அமைகிறது. 250 கிராம் மாவின் பூந்திக்கு 350 முதல் 400 கிராம் சர்க்கரையும், அது மூழ்கும் அளவு நீரும் போதும். கொதிக்கும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கு திரண்டு மேலே வரும், அரித்தெடுக்கலாம். சில துளி எலுமிச்சைச் சாறு சர்க்கரை மீண்டும் பூத்துவிடாமல் காக்கும். பாகும் பூந்தியும் சூடாக இருக்கும்போதே சேர்த்து, மூடி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பூந்தியில் நான்கில் ஒரு பங்கை மட்டும் இலேசாக மசித்துக் கலந்தால் பிடிமானம் கூடும். நெய்யில் வறுத்த முந்திரி, உலர்திராட்சை, கிராம்பு, ஏலப்பொடி, சிறிது கற்கண்டு ஆகியவற்றைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும்.

2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு இதே பூந்தி லட்டின் மரபைச் சேர்ந்தது. கோயிலின் பொட்டு எனப்படும் மடைப்பள்ளியில், திட்டம் என்னும் நிர்ணயிக்கப்பட்ட அளவுப் பட்டியலின்படி அது செய்யப்படுகிறது. அதில் சர்க்கரை மாவின் எடையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு, நெய்யோ மாவுக்குக் கிட்டத்தட்ட ஈடானது. வீட்டு லட்டைவிட அது நாள்பட மணத்துடன் இருப்பதற்கு இவ்விரண்டின் மிகுதி ஒரு முக்கியக் காரணம். நுண்ணிய கண்களுள்ள கரண்டியில் விழச் செய்த பூந்தியால் வட இந்தியாவில் மோதிசூர் லட்டு பிடிக்கிறார்கள். அதற்குக் கரைசல் இன்னும் சற்று நீர்க்க இருக்க வேண்டும்.

மைசூர்பாகு

நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரரான காகாசுர மாதப்பா என்பவர் மைசூர்பாகை உருவாக்கியதாக மரபாகச் சொல்லப்படுகிறது. பொரிபலகாரங்களில் மாவு எண்ணெய்க்குள் போகிறது. இங்கே கொதிக்கும் நெய் மாவுக்குள் வருகிறது. மாவு உள்ளிருந்தே பொரிபடும் ஒரே பலகாரம் என்று இதனைக் கூறலாம், இதன் கடினமும் அழகும் அதிலேயே உள்ளன.

100 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 முதல் 250 கிராம் நெய் என்பது நல்ல தொடக்க அளவு. மாவைச் சலித்து, இரண்டு கரண்டி நெய்யில் பச்சை வாசனை நீங்கும்வரை மட்டும் பிசிறி வறுத்துக்கொள்ள வேண்டும். அடிகனத்த வாணலியில் சர்க்கரையை 75 மில்லி அளவு நீரில் கரைத்து ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும், மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். மீதி நெய் பக்கத்து அடுப்பில் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. கொதிக்கும் நெய்யை ஒரு கரண்டி ஊற்றினால் கலவை சுர்ரென்று பொங்கும்: பாகில் எஞ்சிய நீர் ஆவியாகி வெளியேறும் வழியெல்லாம் நுண்துளைகளாகிறது. ஆறிய நெய்யை ஊற்றினால் இப்பொங்கல் நிகழாது, துளைகளும் வராது, கிடைப்பது அல்வாவை ஒத்த ஒன்றுதான்.

ஒரு கரண்டி நெய் உறிஞ்சப்பட்ட பிறகே அடுத்தது என்று தொடர்ந்தால், ஒரு கட்டத்தில் கலவை வாணலியில் ஒட்டாமல் சுருண்டு, நுரைத்துப் பூத்து, உறிஞ்சிய நெய்யைக் கக்கத் தொடங்கும். அக்கணமே, நெய் தடவிய ஆழமான தட்டில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிடம் முந்தினால் பிசுபிசுக்கும். அரை நிமிடம் பிந்தினால் பொடியாக உதிரும். கொட்டியதைக் கரண்டியால் அழுத்திச் சமன்படுத்தக் கூடாது, துளைகள் அமுங்கிவிடும்; தட்டைத் தட்டிச் சமன் செய்வதே போதும். ஆழமான தட்டில் நடுப்பகுதியின் சூடு வெளியேற நேரமாவதால் அங்கே மாவு தொடர்ந்து சிவந்துகொண்டிருக்கும். மேலும் கீழும் வெளிறிய மஞ்சளும் நடுவே செம்பழுப்பும் கொண்ட பழைய முறை மைசூர்பாகின் அடையாளம் அவ்வாறு வருவது. இளஞ்சூட்டிலேயே கத்தியால் கீறி வில்லைகளாக்கிவிட வேண்டும்.

கோயம்புத்தூரில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் நிறுவனம் மைசூர்பா என்ற பெயரில் பரவலாக்கிய மென்மையான வகை, நெய்யை மிகுத்து, பூத்துவரும் முன்பே இறக்கப்படுவது. வாயிலிட்டவுடன் கரையும் அதன் இனிமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் துளைகள் நிறைந்து, கடிக்கும்போது நொறுங்கிப் பின்பு கரையும் பழைய வகையே இம்மாவின் இயல்பை முழுமையாக வெளிப்படுத்துவது. இளைய தலைமுறைச் சமையற்காரர்கள் அதனைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நீரே சேராத எல்லையில் நிற்பது வட இந்தியப் பேசன் லட்டு. கொரகொரப்பான மாவை நெய்யில், சிறு தீயில், பொறுமையாக வறுத்து, மணம் எழுந்து நெய் பிரிந்ததும் இறக்கி, நன்கு ஆறிய பின்பே பொடித்த சர்க்கரையைக் கலந்து பிடிக்க வேண்டும். சூட்டில் கலந்தால் சர்க்கரை இளகி லட்டு தட்டையாகும். குஜராத்தின் மோகன்தால் இதற்கும் மைசூர்பாகுக்கும் இடைப்பட்டது: மாவில் வெதுவெதுப்பான பாலும் நெய்யும் தெளித்துப் பிசிறி, சற்று வைத்து, பெருங்கண் சல்லடையில் தேய்த்து மணிமணியாக்கிய பின் நெய்யில் வறுத்துப் பாகில் சேர்ப்பார்கள்.

காத்துவைத்தல்

எஞ்சிய நீரே பலகாரத்தின் ஆயுளை நிர்ணயிக்கிறது. பஜ்ஜியின் உள்ளீரம் அதன் மேல்தோலைச் சில நிமிடங்களில் நமக்கச் செய்துவிடும் என்பதால் அது பொரித்த கையோடு உண்ணத்தக்கது. பாகில் ஊறிய பூந்தி லட்டு ஒரு வாரம் தாங்கும். மைசூர்பாகும் பேசன் லட்டும் ஈரக்கை படாமல் இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் கெடா. ஓமப்பொடி, காராசேவு, காராபூந்தி ஆகியவை காற்றுப் புகாத தகரப் பெட்டியில் பல வாரங்கள் இருக்கும். அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெயின் சிக்கு வாடையே ஆகையால், ஒளி படாத இடமும் புதிய எண்ணெயும் முக்கியம்.

மிக்சர் சேர்க்கும்போது இந்த விதி இன்னும் கண்டிப்பானது. ஓமப்பொடி, காராபூந்தி, பொரித்த அவல், வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே முற்றிலும் ஆறிய பின்பே கலக்கப்பட வேண்டும். ஒன்றில் மிஞ்சிய வெதுவெதுப்பு மூடிய பெட்டிக்குள் ஈரமாக மாறி அனைத்தையும் நமக்கச் செய்யும். கறிவேப்பிலையைச் சருகுபோல் நொறுங்கும்வரை பொரித்துச் சேர்க்க வேண்டும். மிளகாய்த் தூளும் உப்பும் பெருங்காயமும், நிலக்கடலையும் அவலும் இளஞ்சூட்டில் இருக்கும்போதே அவற்றின் மீது தூவப்பட வேண்டும். மேற்பரப்பின் எண்ணெயில் ஒட்டிக்கொண்ட பொடி பெட்டியின் அடியில் தங்காது. எளிதில் உடையும் ஓமப்பொடியைக் கடைசியில் கையால் பெரிய துண்டுகளாக ஒடித்துப் போட்டு, கரண்டியால் கிளறாமல், பாத்திரத்தைக் குலுக்கிக் கலக்க வேண்டும்.